கண்டிக்கு வந்த தூதர்கள் – 4: கறுவாக் கணக்கோடு வந்தவர்

ஜான் பைபஸ் பிறவித் தூதர் அல்லர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரச் சேவகத்தில் படிப்படியாக ஏறி, சென்னைப்பட்டணத்து ஆலோசனைச் சபையில் இடம் பிடித்தவர். 1762இல் ஒல்லாந்தரோடு போரில் இருந்த கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சென்னைக்கு ஆளனுப்பி உதவி கேட்டான். கம்பெனி அனுப்பியது பைபஸை.

அவர் திருகோணமலையில் இறங்கிக் காட்டுவழியாகக் கண்டியை அடைந்தபோது, இன்று நாம் சுற்றிவரும் வாவி அங்கே இல்லை; அது பின்னாளில் வெட்டப்பட்டது. அப்போது வயல்தான். அந்த வயலுக்கு அப்பால் இருந்த மல்வத்தை விகாரையில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1760இல், மன்னனைக் கொல்லச் சதி நடந்தது. பண (பௌத்த உபதேசம்) கேட்க வரும் மன்னனுக்கு இடும் ஆசனத்தின் கீழே குழி வெட்டிக் கூரிய முளைகளை நட்டிருந்தார்கள் என்பது மரபுக் கதை. மன்னனை எச்சரித்தவர் கோபால முதலியார் என்ற முஸ்லிம் என்றும் சொல்வார்கள். சதியில் சேர்ந்த சமனக்கொடி அதிகாரம் என்ற பிரதானியின் தலை போயிற்று. பிக்குமாரின் தலைவரான சங்கராஜர் சரணங்கரர் சிறை வைக்கப்பட்டார். அரியணைக்குச் சீயத்து (தாய்லாந்து) இளவரசன் ஒருவனையும் சதிகாரர் தயாராக வைத்திருந்தனர்.

மன்னன் மதுரை நாயக்கர் வழி வந்தவன். தலதா (புத்தரின் புனிதப் பல்) வழிபாட்டை வளர்த்தவன், 1753இல் சீயத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதை என்ற உயர் தீட்சையை மீட்டவன். இருந்தும் அவன் திருநீறு பூசுகிறான் என்பதே பிரதானிகளின் முறைப்பாடு. (இத்தனை செய்தும் போதவில்லை என்றால், வேறு என்னதான் செய்திருக்க முடியும்?)

இப்படி உள்ளே புகைந்துகொண்டிருந்த ஊரில், பைபஸுக்குப் பெரும் தொல்லையாகப் பட்டது சபை மரியாதைதான். இரவில் பேட்டி. பாதணியைக் கழற்றி, கடிதம் வைத்த வெள்ளித் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முழந்தாளிட வேண்டும். மனக்கசப்போடுதான் செய்தார். பிறகு பேச்சு. மன்னன் கேட்டது படை. பைபஸ் விசாரித்ததோ கறுவா, மிளகு, பாக்கு. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் ஒல்லாந்தும் சமாதானமாக இருந்தன. ஆகவே எந்த வாக்கும் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. சரக்கை விசாரித்து, முன்பணம் கொடுக்காமல் எழுந்துபோகும் தரகரைப் போலத்தான் அவர் திரும்பினார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. கம்பெனி அனுப்பியதே அதற்குத்தான்.

1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்தனர். ஊரைப் பிடித்தும் அங்கே நிலைக்க முடியவில்லை. ஆனாலும் 1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் மன்னனிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டனர். பைபஸ் இங்கிலாந்து திரும்பி லண்டனில் வங்கி நடத்தினார்.

பிரதானிகளின் மனத்தாங்கல் மட்டும் ஆறவில்லை. 1815இல் அவர்களே ஆங்கிலேயரோடு கையெழுத்திட்டுக் கடைசி நாயக்க மன்னனை இறக்கினார்கள். அதை உரிய இடத்தில் பார்ப்போம்.

1782இல் சென்னையிலிருந்து அடுத்த தூதர் ஹியூ பாய்ட் வந்தார். கீர்த்தி ஸ்ரீ அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் இறந்திருந்தான். புதிய மன்னன் இராஜாதி இராஜசிங்கனின் சபை பைபஸை மறந்திருக்கவில்லை. கம்பெனியோடு பேச்சில்லை, இங்கிலாந்து மன்னரே எழுதட்டும் என்று பதில் வந்தது.

(தொடரும்)