வயலுக்கு மேலே ஒரு விமானம்

வயலுக்கு மேல தாழப் பறந்து மருந்து தெளிக்கிற குட்டி விமானத்தை சினிமாவுல பார்த்திருப்பீங்க. பறந்துக்கிட்டிருக்கும்போதே அதோட என்ஜின் நின்னுட்டா விமானி என்ன செய்வார்?

அமெரிக்காவுல பருத்தி, நெல் வயல்கள் மேல இந்த விமானங்கள் சுமார் 10 அடி உயரத்துலதான் பறக்கும். உயரத்துல போற விமானம்னா, என்ஜின் நின்னாலும் மிதந்துக்கிட்டே போய் இறங்க இடம் தேடலாம். இங்கே கிடைக்கிறது சில நொடிதான். உடனே ஒரு கைப்பிடியை நகர்த்தி, தொட்டியில இருக்கிற மருந்தை மொத்தமா கொட்டிடுவார். பாரம் குறைஞ்சா, இருக்கிற இடத்துலயே ஓரளவு பதமா இறக்கலாம்.

அந்த நிலைமை வராம தடுக்கிற வேலை தரையிலேயே நடக்குது. எரிபொருள் டேங்க்ல ராத்திரி ஈரம் குளிர்ந்து, தண்ணியாகி அடியில தங்கும். அது என்ஜினுக்குள்ள போனா ஓட்டம் நின்னுடும். அதனால காலையில, இறக்கைக்கு அடியில இருக்கிற வால்வைத் திறந்து, கொஞ்சம் எரிபொருளைச் சின்னக் குப்பியில பிடிச்சு வெளிச்சத்துல பார்ப்பாங்க. பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்குப் போடற பெட்ரோல்ல பெரும்பாலும் நீலச் சாயம் கலந்திருக்கும். தண்ணி இருந்தா, நீலத்துக்கு அடியில நிறமில்லாம தனியா நிக்கும். அது முழுசா வடியற வரைக்கும் விமானம் கிளம்பாது. ஒவ்வொரு தடவை எரிபொருள் நிரப்பின பிறகும் இதே சோதனையைச் செய்யணும்கிறதுதான் விமானிகளுக்குச் சொல்லித்தர்ற பாடம்.