பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை

பெரம்பலூரும் அரியலூரும் 2007 நவம்பரில் இரண்டாவது முறையாகத் தனித்தனி மாவட்டங்களாயின. பிரிவினை வரைபடத்தோடு சரி. சுண்ணாம்புக்கல், சிமென்ட், லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இரு ஊரிலும் ஆபீஸ் தேவைப்படுகிறது. அரசு அலுவலகங்களை எல்காட்டின் மாநில வலையமைப்பு இணைக்கிறது. தனியார் நிறுவனங்கள் இணையத்தின் மேல் விபிஎன் போட்டுக்கொள்கின்றன.

அப்படி ஒரு லாரி ஆபீஸை வைத்துக்கொள்வோம். எடைச்சீட்டுக் கணக்கு அரியலூர் சர்வரில் ஒரு ஷேர்டு ஃபோல்டரில் இருக்கிறது. ஒரு காலையில் பெரம்பலூர் சர்வரிலிருந்து அது திறக்கவில்லை. பிங் அடித்தால் பதில் வருகிறது. உடனே "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசர முடிவு அது. எதிர்முனை இயந்திரம் விழித்திருக்கிறது என்பதற்கு மேல் பிங்குக்கு எதுவும் தெரியாது. ஃபோல்டர் வந்துபோகும் வழி 445ஆம் போர்ட். ஃபயர்வால் அதை மட்டும் மறித்திருக்கலாம்.

திரையில் வரும் வாசகத்தை முதலில் படிக்க வேண்டும். 'நெட்வொர்க் பாத்' கிடைக்கவில்லை என்றால் கோரிக்கை அரியலூருக்குப் போய்ச் சேரவே இல்லை. போர்ட்டையும் டிஎன்எஸ்ஸையும் பார்க்கலாம். 'ஆக்செஸ் டினைடு' என்றால் போய்ச் சேர்ந்து, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. ஷேரில் ஒரு அனுமதி, டிஸ்க்கில் இன்னொரு அனுமதி. இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும். ஷேரில் எல்லோருக்கும் முழு உரிமை கொடுத்தும் ஃபைலைச் சேமிக்க முடியாமல் போவது இதனால்தான். இரு சர்வர்களின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின்னாக இருந்தால் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் முரண்டு பிடிக்கும்.

இன்னொரு வகைக் கோளாறு கொஞ்சம் வேடிக்கையானது. பகலில் ஊழியர் திறந்தால் திறக்கும். இரவு தானாக ஓடும் பேக்கப் மட்டும் தோற்கும். அந்த வேலை 'லோக்கல் சிஸ்டம்' கணக்கில் ஓடினால், அரியலூர் சர்வரிடம் அது ஊழியர் பெயரைச் சொல்லாது. பெரம்பலூர் இயந்திரத்தின் பெயரையே சொல்லும், கடைசியில் ஒரு டாலர் குறியோடு. அனுமதிப் பட்டியலில் அந்தப் பெயரும் இருக்க வேண்டும்.

எதுவும் பலிக்காதபோது சிலர் 445ஐ நேரே இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் பரவியது இந்த வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டும், அதைப் போடாத பிரிட்டன் மருத்துவமனைகள் முடங்கின. கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டின. அது புகுந்த ஓட்டை, 445இல் ஓடும் ஃபோல்டர் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்தது. பழைய ஸ்கேனர் வேலை செய்யவேண்டும் என்பதற்காக அந்தப் பதிப்பை இன்றும் ஆன் செய்துவைக்கும் ஆபீஸ்கள் உண்டு. ஸ்கேனரை மாற்றும் செலவு அப்படியொரு தாக்குதலின் இழப்பைவிடக் குறைவு.