முழங்காலுக்குள் ஒரு சுண்ணாம்புப் பளிங்கு

எமது அன்னையாருக்கு வயது 78. நாடோறும் மதிய உணவின் பின் வெற்றிலை போடுவது அவருடைய நெடுநாட் பழக்கம். சென்ற ஆண்டு ஒரு நாள் வெற்றிலைத் தட்டத்தைத் தூர வைத்துவிட்டு, "தம்பி, இனி எனக்குச் சுண்ணாம்பும் வேண்டாம், பாலும் வேண்டாம்" என்றார். காரணம் வினவினோம். "முழங்காலுக்குள்ளே சுண்ணாம்பு படிஞ்சு போச்செண்டு டொக்டர் சொன்னவரெல்லே?" என்பது மறுமொழி.

வைத்தியர் சொன்னது உண்மை. அன்னையார் அதிலிருந்து கண்ட முடிவோ தவறு. ஆயினும் அவரைக் குறை கூற இயலாது. படித்தோர் பலரும் இதே தவற்றைச் செய்கின்றனர். மூட்டிலே சுண்ணாம்பு என்றதும் பாலை நிறுத்துவர், குரக்கனை விலக்குவர், முருங்கையிலைக்கும் அஞ்சுவர். முதியோரின் உடல் மெலியும். நோயோ தன் போக்கிற் போகும். ஆதலின் இச்சுண்ணாம்பு எங்கிருந்து வருகின்றது, அதனை அறிஞர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

ஒரு துளி மூட்டுநீர்

அன்னையாருக்கு நோய் ஓர் இரவிலே வந்தது. மாலையிற் கோயிலுக்கு நடந்து சென்று மீண்டவர், விடியலிற் காலூன்ற முடியாது துடித்தார். வலது முழங்கால் வீங்கிச் சிவந்திருந்தது, தொட்டால் சுட்டது, காய்ச்சலும் கண்டது. அயலிலுள்ள பெரியவர் ஒருவர் வாதம் என்றார். எண்ணெய் காய்ச்சித் தடவச் சொன்னார். உறவினர் ஒருவர் 'கவுட்' நோய் என்று முடிவுகட்டிப் பருப்பை நிறுத்தச் செய்தார். இரண்டு நாள்கள் இவ்வாறு கழிந்தன. மாணவருக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நாமும் வாளாவிருந்தோம் என்பதை வெட்கத்துடனேயே எழுதுகின்றோம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலே வைத்தியர் முதலிற் செய்த காரியம் மருந்து கொடுத்ததன்று. முழங்காலில் ஊசியைச் செலுத்திச் சிறிது நீரை எடுத்தார். "கிருமியால் வந்த வீக்கமாயின் சில நாள்களில் மூட்டே அழிந்துவிடும், உயிருக்கும் ஆபத்து நேரலாம். முதலில் அதனை அறிய வேண்டும்" என்றார். எண்ணெய் தடவிக் கழித்த இரண்டு நாள்களை நினைந்து அப்போதுதான் நடுங்கினோம். நல்லூழாக அந்நீரிற் கிருமி இருக்கவில்லை. நுணுக்குக்காட்டியிலே தென்பட்டவை மிகச் சிறிய பளிங்குகளே. அவை கல்சியம் பைரோபொசுபேற்று என்னும் உப்பினாலானவை.

பளிங்கைக் காட்டிய ஒளி

கவுட் நோய் பழைய நோய். குருதியில் மிகும் யூரிக் அமிலத்தோடு அதற்குள்ள தொடர்பை இங்கிலாந்து வைத்தியர் அல்பிரட் கறொட் 1848 ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஆனால், வீங்கிய மூட்டைக் கண்ட மாத்திரத்தில் இது கவுட் என்று துணிந்து சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரிலே டானியல் மக்கார்ட்டி, ஜோசப் ஹொலண்டர் என்னும் இருவர் 1961 இல் அவ்வழியை வெளியிட்டனர். மூட்டுநீரின் ஒரு துளியை முனைவாக்கிய ஒளியில் வைத்து நோக்குவதே அவ்வழி.

மாணவர்கள் இதன் தத்துவத்தை எளிதில் அறியலாம். முனைவாக்கும் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்தால், ஒளி மறைந்து இருள் தோன்றும். அவற்றினிடையே ஒரு சீனிப் பளிங்கை வையுங்கள். சூழ இருளிருக்க, பளிங்கு மட்டும் சுடர்விடும். பளிங்கினுள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருத்தலின், அது தன்னூடு செல்லும் ஒளியின் தன்மையை மாற்றுகின்றது. கவுட் நோயாளரின் மூட்டுநீரில் யூரேற்றுப் பளிங்குகள் கூரிய ஊசிகளாக இவ்வாறே ஒளிர்ந்தன.

எனினும் சிலரின் மூட்டுநீரிற் கண்ட பளிங்குகள் இலக்கணத்துக்கு அடங்கவில்லை. அவை குட்டையானவை, பல சாய்சதுர வடிவின, ஒளிர்வும் மங்கல். யூரேற்றைச் சிதைக்கும் நொதியம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது அவை கல்சிய உப்பு என்பது தெரியவந்தது. 1962 ஆம் ஆண்டில் மக்கார்ட்டியும் அவர்தம் துணைவரும் இந்நோய்க்குப் 'போலிக் கவுட்' என்று பெயரிட்டனர். செக்கோஸ்லோவாக்கியாவிலும் ஜிட்னான், சிட்டாய் என்னும் வைத்தியர் இருவர், சில குடும்பங்களிலே தலைமுறையாக மூட்டுக் கசியிழையத்தில் இவ்வாறு கல்சியம் படிவதை ஏறக்குறைய அதே காலத்தில் ஆராய்ந்து வந்தனர்.

இன்றும் ஆய்வுகூடத்தில் நிறமே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகின்றது. நுணுக்குக்காட்டியில் ஒரு தனித் தகட்டைச் சேர்த்து, அதன் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் பளிங்கை நோக்கினால், யூரேற்று மஞ்சளாகவும் கல்சியப் பளிங்கு நீலமாகவும் தோன்றும்.

தம் முழங்காலிலேயே சோதனை

பளிங்கு அங்கே இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று கூறிவிடலாமா? இவ்வையத்தை நீக்க மக்கார்ட்டியும் பெயர்ஸ் என்பவரும் துணிகரமான செயலொன்றைச் செய்தனர். யூரேற்றுப் பளிங்குகளைத் தத்தம் முழங்கால்களிலேயே ஊசிமூலம் ஏற்றிக்கொண்டனர். சில மணி நேரத்துள் முழங்கால் வீங்கிற்று, வலி பொறுத்தற்கரிதாயிற்று. பளிங்கே அழற்சியை மூட்டவல்லது என்பது 1962 இல் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு விடை கிடைக்க மேலும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 2006 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வாளர் அதனை வெளியிட்டனர். வெண்குருதிக் கலங்கள் பளிங்கைப் பகையென்று கருதி விழுங்குகின்றன. உடனே அவற்றினுள் ஓர் எச்சரிக்கைப் பொறி இயங்கி, இன்டலூக்கின்-1 என்னும் பொருள் வெளிப்படுகின்றது. அஃது ஏனைய வெண்கலங்களையும் அழைக்கின்றது. வீக்கமும் காய்ச்சலும் அப்படையின் ஆரவாரமே. யூரேற்று, கல்சியப் பளிங்கு ஆகிய இரண்டும் ஒரே பொறியையே முடுக்குகின்றன. இரு நோய்களும் ஒன்றுபோல் தோன்றுவதன் இரகசியம் இதுவே.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

இனி அன்னையாரின் ஐயத்துக்கு வருவோம். கல்சியம் எல்லோர் குருதியிலும் எந்நாளும் உண்டு. பால் குடிப்பதாலோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதாலோ அது மூட்டிற் போய்ப் படிவதில்லை. இங்கே மிகுவது பைரோபொசுபேற்று. கசியிழையக் கலங்கள் வெளிவிடும் சக்திப் பொருள் சிதையும்போது அது மூட்டினுள்ளேயே பிறக்கின்றது. அளவு மிஞ்சினால், அங்குள்ள கல்சியத்தோடு கூடிப் பளிங்காகின்றது. அப்பளிங்குகள் கசியிழையத்தில் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கலாம். காய்ச்சல், சத்திரசிகிச்சை, அடிபடுதல் முதலியவற்றின் பின் அவை மூட்டுநீரில் உதிர்ந்தால் நோய் சீறி எழும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூட்டுகள் இறுகிப்போகும் ஒருவகைச் சுண்டெலியை ஆராய்ந்தபோது, பைரோபொசுபேற்றுக் கலத்தின் வெளியே செல்வதை ஆளும் பரம்பரையலகைக் கண்டனர். வெளியே அது குறைந்தால் வேறொரு வகைக் கல்சியம் மூட்டிற் படிகின்றது. கூடினால் இப்பளிங்கு தோன்றுகின்றது. மனிதரிலும், இந்நோய் தலைமுறையாக வரும் சில குடும்பங்களில், அதே பரம்பரையலகின் மாற்றம் 2002 இல் அறியப்பட்டது.

முதுமையே இதற்கு முதற் காரணம். அமெரிக்காவின் பிரமிங்காம் ஊரிலே நடந்து 1989 இல் வெளியான ஆய்வில், 85 வயதைக் கடந்தவருள் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் முழங்காற் படத்தில் இப்படிவு காணப்பட்டது. அவர்களிற் பலருக்கு வலியே இல்லை. இளவயதினருக்கு இந்நோய் வந்தால், மகனீசியக் குறைவு, உடலில் இரும்பின் மிகுதி, பரகேடயச் சுரப்பியின் மிகைத்தொழில் என்பன உண்டோ என்று வைத்தியர் தேடுவர்.

மருந்தும் எச்சரிக்கையும்

யூரிக் அமிலத்தைக் குறைக்க மாத்திரைகள் உள. கல்சியப் பளிங்கைக் கரைக்கும் மருந்தோ இன்னும் இல்லை. அழற்சியைத் தணிக்கும் மருந்துகளே கைகொடுக்கின்றன. மூட்டுநீரை எடுத்தலும், ஸ்டீரொயிட் ஊசியும் பலருக்கு விரைந்து சுகம் தரும். கொல்சிசின், பிரெட்னிசோன் என்னும் மருந்துகளை முதியோரில் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வொன்று 2023 இல் வெளியாயிற்று. வலி தணிப்பதில் இரண்டும் சமமாயின. கொல்சிசின் உண்டவரிடையே வயிற்றோட்டம் மிகுதியாயிருந்தது.

இக்கொல்சிசின் எமது வேலிகளிற் படரும் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கிலும் உண்டு. இதைப் படித்துவிட்டு எவரும் கிழங்கைத் தோண்டலாகாது. அது கொடிய நஞ்சு. உண்டு மாண்டோர் இந்நாட்டில் உளர். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள அளவை அறிந்தவர் வைத்தியரே.

அன்னையார் பத்து நாள்களில் எழுந்து நடந்தார். ஆயினும் பாலை வெறுத்த மூன்று மாதத்தில் அவர் உடல் தளர்ந்தது. மறுமுறை கண்ட வைத்தியர், "அம்மா, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பைத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள், மூட்டிலுள்ளது அப்படியே இருக்கிறது" என்று விளக்கியதும் மனம் தெளிந்தார். இப்போது இரவில் ஒரு குவளை பால் அருந்துகின்றார்.

ஆகவே, வீட்டிலே முதியவர் ஒருவரின் மூட்டுத் திடீரென வீங்கிக் காய்ச்சலும் கண்டால், பெயர் சூட்டுவதில் நாளைப் போக்காதீர்கள். அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். மூட்டுநீரைச் சோதிப்பார்களா என்று கேளுங்கள். ஒரு துளி நீர் சொல்லும் உண்மையை ஊரார் ஒன்றுகூடியும் சொல்ல முடியாது.

வெற்றிலைத் தட்டத்தை மட்டும் நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்கு வழிகோலும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. பிழையான காரணத்துக்காக அன்னையார் செய்த நல்ல காரியம் அஃதொன்றே. அதனைத் திருத்த நாம் முயலவில்லை.