விடுமுறைக்கு முந்திய மாலை

டிசம்பர் 20-ஆம் நாள் தாண்டிவிட்டால் நம் பங்குக் குடும்பங்களில் இருவகை ஓசைகளைக் கேட்கலாம். ஒன்று அடுக்களையிலிருந்து எழுவது. முறுக்கு பிழியும் தாய், பாகு பதம் தவறிவிடுமோ என்ற கவலையில் பிள்ளைகளை அதட்டும் ஓசை அது. மற்றொன்று திண்ணையிலோ மாடிப்படியிலோ நின்றுகொண்டு குடும்பத்தலைவர் கைப்பேசியில் பேசும் ஓசை. "அந்தக் கோப்பு என் மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. இல்லை, இல்லை, அதற்கும் கீழே பாருங்கள்." பிள்ளைகள் குடில் அமைக்க வைக்கோலும் களிமண்ணும் சேர்த்து வைத்துவிட்டு அப்பாவுக்காகக் காத்திருக்கின்றனர். அப்பா விடுப்பில்தான் இருக்கிறார். ஆயினும் அவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

விழாக்காலத்தில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது இக்காட்சியை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். சென்ற ஆண்டு ஒரு தாய் நம்மிடம் சொன்னார்: "சாமி, இவருக்கு நாலு நாள் லீவு. அதுல ரெண்டு நாள் ஆபீஸுக்கே போயிடுது." கணவர் அசடு வழியச் சிரித்தார். நாமும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அலுவலில் இருப்போர் டிசம்பரில் படும் பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓராண்டில் 12 நாட்கள் தற்செயல் விடுப்பு உண்டு. எடுக்காத நாட்கள் டிசம்பர் 31-உடன் காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்ள இயலாது. ஆதலின் எஞ்சிய நாட்களைக் கழிக்க எல்லாரும் ஒரே வாரத்தில் முனைவர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அரசு தரும் விடுமுறை ஒரே நாள்தான் எனினும், அதற்கு முன்னும் பின்னும் நாற்காலிகள் காலியாகவே இருக்கும். இதைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று. உழைத்தவன் ஓய்வு கொள்ள வேண்டும். இல்லத்தாரோடு இருக்க வேண்டும். ஆயின் ஓய்வைப்பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மேசைக்கு இப்பால் அமர்ந்திருப்பவரைப் பற்றியே பேசுகிறோம். அப்பால் ஒரு துண்டுச் சீட்டுடன் நிற்பவரை மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டுச் சட்டங்கள் இரண்டை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். (நாம் வழக்கறிஞர் அல்லோம். நம் பங்கைச் சேர்ந்த ஒரு வங்கி அதிகாரி ஒருநாள் தேநீர் அருந்தியபடி விளக்கியதைப் பின்னர் நாமும் எடுத்துப் படித்துப் பார்த்தோம்.) ஒன்று 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 10-ஆம் பிரிவு. ஓர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ ஒருவர் குறித்த நாளுக்குள் ஒன்றைச் செய்ய வேண்டியிருந்து, கடைசி நாளில் அக்கதவு மூடியிருக்குமானால், அது திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும். மற்றது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 25-ஆம் பிரிவு. வங்கி விடுமுறை அறிவிப்புகளில் நாம் காணும் சட்டம் இதுவே. புரோநோட்டின் தவணை நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்திய வேலை நாளிலேயே பணம் செலுத்தப்பட வேண்டும் என்கிறது இது.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் அப்படியன்று. மூடிய கதவின் முன் நிற்பவனுக்குச் சட்டம் ஒரு நாள் கூட்டிக் கொடுக்கிறது. கடன்பட்டவனுக்கோ ஒரு நாளைக் குறைத்துவிடுகிறது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த காகிதமும் ஒரு கடனே என்று கொண்டால், அதற்குரிய தவணை விடுமுறைக்கு மறுநாள் அன்று, முந்திய நாள்.

இதை நாம் ஏட்டில் கற்றதற்கு முன்னரே பட்டு அறிந்தோம். அதையும் சொல்லிவிடுகிறோம்.

2008-ஆம் ஆண்டு. டிசம்பர் 22, திங்கட்கிழமை. விழாவுக்கு முந்திய ஒப்புரவுக்காகக் கோவிலில் கூட்டம் நிறைந்திருந்தது. நமது பங்கில் பிறந்து பிற்பாடு நகரத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் தந்தை வந்து, மகளின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார். வீட்டில் பழைய சான்றிதழ் இருந்தது. ஆனால் திருமணத்துக்கு அது போதாது. பிற்காலத்தில் திருமணம் நடந்திருந்தால் அது திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதிய சான்றிதழையே பங்குத்தந்தையர் கேட்பர். மகளுக்கு 2009 ஜனவரி 12 அன்று மணநாள் குறித்திருந்தனர். வளைகுடா நாட்டில் வேலை செய்த மூத்த மகன் அந்நாளுக்கென்றே விடுப்பில் வந்திருந்தான்; 16-ஆம் தேதி அவன் விமானம் ஏற வேண்டும். அதற்குமுன் டிசம்பர் 28, ஜனவரி 4, 11 ஆகிய மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்தாக வேண்டும்.

அவர் பெயர்களும் தேதியும் எழுதிய சீட்டை வாங்கி நமது நாட்குறிப்பில் செருகினோம். "நாளை எழுதி வைக்கிறோம்" என்றோம். கால் மணி நேர வேலை. அந்த நாளை வரவில்லை. விழா முடிந்து, 26-ஆம் தேதி காலை, இரும்புப் பீரோவைப் பூட்டிச் சாவியை வழக்கம்போல் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐந்து நாள் ஓய்வுக்கு அம்மாவின் ஊருக்குப் பேருந்து ஏறினோம். ஞாயிறு திருப்பலிக்குப் பக்கத்துப் பங்குத்தந்தையை ஏற்பாடு செய்திருந்தோம். கோவில் சாவி, நற்கருணைப் பேழையின் சாவி, ஆடைகள் எல்லாவற்றையும் அவரிடம் முறையாக ஒப்படைத்தோம். பீரோவின் நினைவே நமக்கு எழவில்லை.

மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கு அந்தத் தந்தை நம் வீட்டு வாசலில் நின்றார். காலையில் பங்குக்குச் சென்றிருக்கிறார். உபதேசியார் கையை விரித்திருக்கிறார். விலாசம் கேட்டு இரண்டு பேருந்துகள் மாறி வந்திருக்கிறார். "மன்னிக்கணும் சாமி, வீட்டுக்கு வந்த இடத்துல தொந்தரவு பண்றேன்" என்று அவர் தொடங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்? நமக்கு நா எழவில்லை. அம்மா வெளியே வந்து பார்த்தார்கள். "முதல்ல கை கழுவிட்டு வாங்க ஐயா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார்கள். எனக்கென்று வாங்கிச் சமைத்த மீன் குழம்பை அவருக்கு ஊற்றினார்கள்.

நம் கையில் சாவி இருந்தது, பதிவேடு இல்லை. சாவியை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்பலாமா என்று எண்ணினோம். கையொப்பமும் முத்திரையும் இல்லாத சான்றிதழால் பயன் என்ன? சாப்பிட்ட கையோடு அவருடனேயே புறப்பட்டோம். இரவு ஏழு மணிக்குச் சான்றிதழை எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தோம். அதை எடுத்துக்கொண்டு அவர் இரவோடிரவாக நகரத்துக்குச் சென்றார். மறுநாள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது.

நாம் திரும்பிப் போக அன்றிரவு பேருந்து இல்லை. மறுநாள் திருக்குடும்ப விழா. பங்கில் இருந்தபடியால் நாமே திருப்பலி நிறைவேற்றினோம். குடும்பத்தைப் பற்றி என்ன மறையுரை ஆற்றினோம் என்பது இப்போது நினைவில்லை. திங்களன்று ஓர் அடக்கம், பின்னர் ஒரு நோயாளி, ஆண்டிறுதி வழிபாடு. ஐந்து நாட்களில் அம்மாவோடு இருந்தது ஒன்றரை நாள். ஜனவரிக் கடைசியில் திருமண அறிவிப்பு அஞ்சலில் வந்தது. அதே பதிவேட்டை எடுத்து அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்தோம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மா இறைவனடி சேர்ந்தார்கள்.

திருச்சபைச் சட்டம் இந்த விடயத்தில் மிகத் தெளிவாகவே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 533-ஆம் எண், பங்குத்தந்தை ஆண்டுக்கு ஒரு மாதம் வரை விடுமுறை கொள்ளலாம் என்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் செல்வதாயின் தலத்திருச்சபைத் தலைமைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 535-ஆம் எண் பதிவேடுகளைப் பற்றியும், பங்கின் முத்திரையைப் பற்றியும், அவற்றைப் பாதுகாப்பதைப் பற்றியும் பேசுகிறது. நாம் சென்றது ஐந்து நாட்கள். பதிவேட்டைப் பூட்டிப் பாதுகாத்தும் இருந்தோம். இரண்டு எண்களையும் மீறவில்லை! ஆயினும் ஒரு மனிதர் பண்டிகை வாரத்தில் நாள் முழுதும் பேருந்தில் அலைந்தார்.

இதை நாம் மனம்விட்டுச் சொன்னபோது, வருவாய்த்துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பங்குமக்களில் ஒருவர் தமது பழக்கத்தைக் கூறினார். நமது அரசு அலுவலகங்களில் 'தன் பதிவேடு' என்று ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தில் வகுக்கப்பட்ட டாட்டன்ஹாம் முறையின் ஒரு பகுதி அது. ஒவ்வோர் உதவியாளரும் தம்மிடம் வந்த ஒவ்வொரு தாளுக்கும் எண், நாள், யாரிடமிருந்து, எதைப் பற்றி, என்ன செய்யப்பட்டது, அடுத்து யாருடைய பதிலை எதிர்நோக்கியுள்ளது என வரிசையாக எழுத வேண்டும். முடிவுற்ற கோப்பை ஓராண்டா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமாகவா காக்க வேண்டும் என்றும் குறிக்க வேண்டும். "சாமி, இதை எழுதுறது அதிகாரி பார்க்குறதுக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது இல்ல. நாளைக்கு நான் இல்லாட்டி என் நாற்காலியில உக்கார்றவனுக்கு" என்றார் அவர். விடுப்புக்கு முந்திய மாலையில் புதிய கோப்பு எதையும் அவர் தொடமாட்டாராம். தன் பதிவேட்டை நிரப்பி, அடுத்த வாரத்துக்குள் நாள் முடியும் கோப்புகளை மட்டும் தனியே கட்டிப் பக்கத்து நாற்காலிக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, யாருக்கு வாக்குக் கொடுத்தோமோ அவருக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு வீடு செல்வாராம்.

எல்லா வேலையையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்று நள்ளிரவு வரை அமர்ந்திருப்போர் சிலரை நாம் அறிவோம். அவர்களைப் பாராட்ட நமக்கு மனம் வரவில்லை. வேலை என்றும் முடிவதில்லை; முடிப்பது தேவையும் இல்லை போலும். முடிவுறாத வேலை முடிந்த வேலையைக் காட்டிலும் நினைவில் அதிகம் தங்குகிறது என்று 1927-ஆம் ஆண்டில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண் உளவியலார் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதனை ஒருமுகமாக ஏற்கவில்லை. ஆனால் 2011-இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு நமக்குப் பயன்படுவது. பாதியில் நிற்கும் வேலையை எப்போது, எவ்வாறு தொடர்வது என்று திட்டமாக வகுத்துக்கொண்டாலே அது மனத்தை அரிப்பது குறைகிறது என்று அவர்கள் கண்டனர். அந்த உதவியாளர் இந்த ஆய்வைப் படித்தவர் அல்லர்.

இக்காலத்து அலுவலகங்களில் கோப்பு கணினிக்குள் இருக்கிறது. அதன் கடவுச்சொல் ஒருவருக்கே உரியது. அவசரம் என்று அதை நண்பருக்குச் சொல்லிவிட்டுப் போவது தவறு. பின்னால் வரும் வினைக்குப் பொறுப்பேற்பவர் யார்? முன்கூட்டியே மேலதிகாரியிடம் சொல்லி, கோப்பையே முறைப்படி மாற்றிவிடுவதுதான் வழி. அதற்கு விடுப்புக்கு முந்திய மாலை போதாது, இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். பிரான்சு நாட்டில் 2017 ஜனவரி முதல் தேதியிலிருந்து, வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பு கொள்ளப்படாதிருக்கும் உரிமையைப் பற்றி பெரிய நிறுவனங்கள் தொழிலாளரோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டமே. ஆனால் இழுப்பறையின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவருக்கு அந்தச் சட்டம் என்ன செய்யும்? வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகள் எல்லாம் மேலதிகாரியின் அடாவடி அல்ல. நாம் சொல்லாமல் வந்ததைக் கேட்கவே பல அழைப்புகள் வருகின்றன.

நமது பங்கில் இப்போதைய வழக்கம் இது: திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றும் அடுத்த ஞாயிறன்றும், "சான்றிதழ் வேண்டுவோர் டிசம்பர் 18-க்குள் கேட்கவும்" என்று அறிவிக்கிறோம். அதற்குப்பின் வருவோரின் சீட்டை நாட்குறிப்பில் செருகுவதில்லை. அவர் முன்னிலையிலேயே பதிவேட்டைத் திறக்கிறோம். ஒப்புரவுக்கு நிற்போர் கால் மணி நேரம் காத்திருப்பர். அவர்கள் இதுவரை கோபித்ததில்லை. பீரோவுக்கு இரண்டாம் சாவி ஒன்று செய்து, சிவப்பு நாடா கட்டி, பக்கத்துப் பங்குத்தந்தையிடம் முத்திரையோடு கொடுத்துவிட்டுச் செல்கிறோம். எந்த ஆண்டுப் பதிவேடு எந்தத் தட்டில் என்று பீரோக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உபதேசியாருக்கும் அது தெரியும்.

இவ்வாண்டும் 26-ஆம் தேதி காலைப் பேருந்தில் ஊருக்குச் செல்கிறோம். வீட்டில் இப்போது தம்பியின் குடும்பம் இருக்கிறது. 31-ஆம் தேதி மாலை திரும்பிவிடுவோம். இடையில் அடக்கத் திருப்பலிக்கோ நோயில்பூசுதலுக்கோ சான்றிதழுக்கோ வருவோர் உபதேசியாரை அணுகினால் போதும். இம்முறை அவர் கையை விரிக்கமாட்டார்.