பந்தும் நட்பும்



உங்களுடைய மிக நெருங்கிய நண்பர் யார்? அவரோடு நட்பு எப்படி ஏற்பட்டது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். உங்களில் பலருக்கு அந்த நினைவு ஒரு விளையாட்டு மைதானத்தில் போய் நிற்கும். சேர்ந்து விளையாடுகிறவர்கள் நண்பர்களாகி விடுகிறார்களே, அது ஏன்? இதில் அறிவியல் ஏதேனும் உண்டா?

என் அனுபவம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். நான் சாத்தான்குளத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது, கோடையில் வற்றிய குளத்தின் தரைதான் எங்கள் மைதானம். சாஃப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டத்தை எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் அங்கேதான் கற்றுக்கொடுத்தார். எல்லோருக்கும் சேர்த்து இரண்டே கையுறைகள். மட்டை கிடைக்காத நாளில் பனைமட்டையே மட்டை!

என் வகுப்பில் பக்கத்துத் தெரு மாணவன் ஒருவன் இருந்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல். அதனால் நாங்களும் ஓராண்டாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் மாலை அவன் எறிந்த பந்தை வெறுங்கையால் பிடித்துவிட்டு வலியால் துடித்தேன். "ஏலே, கையைப் பின்னால இழுத்துப் பிடில!" என்று கத்தினான். அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நல்ல இயற்பியலும்கூட!

கையைப் பின்னால் இழுப்பது ஏன்?

மென்பந்து என்பது பெயர்தான். பந்து அப்படியொன்றும் மென்மையானதல்ல. அதன் சுற்றளவு சுமார் 30 செ.மீ.; நிறை சுமார் 190 கிராம். அது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 38 ஜூல். இந்த ஆற்றல் முழுவதையும் உங்கள் கை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கையை விறைப்பாக நீட்டி 1 செ.மீ. தூரத்துக்குள் பந்தை நிறுத்தினால், கையில் தாக்கும் சராசரி விசை 38-ஐ 0.01-ஆல் வகுத்தால் வருவது. அதாவது 3,800 நியூட்டன். பந்தோடு சேர்த்துக் கையை 30 செ.மீ. பின்னுக்கு இழுத்தால் அதே விசை சுமார் 127 நியூட்டன்தான். முப்பதில் ஒரு பங்கு! என் வலி குறைந்த கணக்கு இதுவே.

இந்த விளையாட்டு பிறந்ததும் நண்பர்கள் கூட்டத்தில்தான். 1887-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஃபாரகட் படகுக் கழகத்தில் சிலர் கூடி, ஒரு கால்பந்துப் போட்டியின் முடிவு தந்தியில் வருவதற்காகக் காத்திருந்தனர். முடிவு வந்த மகிழ்ச்சியில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிய, மற்றொருவர் அதைக் கோலால் அடித்தார். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கையுறையையே பந்துபோலக் கட்டி, தரையில் கோடு கிழித்து, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்!

காலி இடத்துக்கு எறிதல்

இப்போது ஒரு கேள்வி. ஓடிவரும் நண்பனுக்குப் பந்தை எறிய வேண்டும். எங்கே எறிவீர்கள்?

25 மீட்டர் தூரத்தைக் கடக்க, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் பந்துக்கு 1.25 நொடி ஆகும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் நண்பன் அதற்குள் 6 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவான். ஆகவே அவன் நிற்கும் இடத்துக்கு எறிந்தால் பந்து வீண். ஒருவருமில்லாத காலி இடத்துக்கே எறிய வேண்டும். அவன் அங்கே வந்து சேருவான் என்று நம்பித்தான் எறிகிறோம். அவனும் பந்து அங்கே வரும் என்று நம்பித்தான் ஓடுகிறான். ஒரு மாலைப்பொழுதில் இந்த நம்பிக்கை எத்தனை முறை சோதிக்கப்படுகிறது, பாருங்கள்!

நம் தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளிப்பவர் கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். கீழே இருப்பவரின் மூச்சு மேலே இருப்பவரின் கையில்! மைதானத்தில் உயிருக்கு ஆபத்தில்லை. எனினும் அங்கே பழகுவதும் அதே பாடம்தான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எம்மா கோஹென், ராபின் டன்பார் முதலியோர் படகோட்டும் மாணவர்களை ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். உடற்பயிற்சி செய்தபின் வலி தாங்கும் திறன் கூடுகிறது. ஆனால் தனியே துடுப்பு வலித்தபோது கூடியதைவிட, குழுவாக ஒரே தாளத்தில் வலித்தபோது அது மிகுதியாகக் கூடியது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்னும் பொருளே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வலியைத் தணித்து இன்ப உணர்வைத் தருவது அது. ஆராயப்பட்டவர்கள் 12 பேர்தாம். எனவே இதை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் கரைவலை இழுப்போர் ஒரே குரலில் பாடி இழுப்பதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

நட்புக்கு எத்தனை மணி நேரம்?

அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டுமாம். இவை சராசரிகளே. வேலையில் அருகருகே இருந்த நேரத்தைவிட, ஓய்வாகச் சேர்ந்து கழித்த நேரமே நட்பை வளர்க்கிறது என்றும் அவர் கண்டார்.

நாள்தோறும் மாலை ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் விளையாடினால் 200 மணி நேரம் சேர 40 வாரங்கள். ஏறத்தாழ ஒரு பள்ளி ஆண்டு!

ஓர் எச்சரிக்கை

விளையாட்டு பகையையும் வளர்க்கும். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரீஃப் என்ற அறிஞர் 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிப் போட்டிகள் வைத்தார். சில நாட்களில் சண்டை மூண்டது. பின்னர் தண்ணீர்க் குழாய்க் கோளாறு போன்ற, இரு குழுவும் கூடினாலன்றித் தீராத வேலைகளைக் கொடுத்தபோது பகை தணிந்தது.

எங்கள் ஆசிரியர் இந்த ஆராய்ச்சியைப் படித்தாரோ, தெரியாது. ஆனால் தெருவாரியாக அணி பிரிக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. வரிசையில் நிற்க வைத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணச் சொல்லித்தான் பிரிப்பார். இன்று எதிரணியில் இருப்பவன் நாளை என் அணியில். அப்படித்தான் பக்கத்துத் தெருக்காரன் எறிந்த பந்து என் கைக்கு வந்தது.

பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்தை மறந்துவிடும் மாணவர்கள் பலர். படிப்பு வேண்டியதே. ஆயினும் மாலையில் ஒரு மணி நேரத்தை மைதானத்துக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் இதுவரை பேசாத ஒருவரையும் உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நாங்கள் இருவரும் நண்பர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் பின்னர் பேசத் தொடங்கினார்கள். அதற்கும் பந்துதான் காரணமா? நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை. நீங்களே சோதித்துப் பாருங்களேன்!