விதையைக் காக்கும் தொங்கு பரண்

சிறு விவசாயிகள் வீட்டில் விதைக்கென்று தனி அறை கிடையாது. மூட்டையைத் தரையில் கிடத்தினால் ஈரம் ஏறும். சுவரோரம் சாய்த்தால் எலிக்கு விருந்து. விதை போனால் அடுத்த போகத்துக்குக் கடன்தான்.

உத்தரத்திலிருந்து நான்கு கயிறுகளில் மூங்கில் தட்டியை ஆள் உயரத்துக்கு மேல் தொங்கவிட்டால் இத்தொல்லை குறையும். ஓடு தாங்கும் ரீப்பரில் கட்டக் கூடாது; பாரம் தாங்காது. சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். எலி கயிறு வழியாகவும் இறங்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கயிற்றிலும் அகன்ற வட்டத் தகரத்தைக் கோத்து, நழுவாமல் முடிச்சிட வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே கட்டினால் சூட்டில் முளைப்புத்திறன் கெடும்.

ஈர விதையைப் பரண் காப்பாற்றாது. விதை நெல்லை 13 சதவீத ஈரத்துக்கும், உளுந்தை 9 சதவீதத்துக்கும் காயவைத்த பிறகே ஏற்ற வேண்டும். உளுந்துக்கு மூடியுள்ள தகர டின் நல்லது. வண்டு பறந்து வரும்.