கேமராவும் வழக்கும்: கடலோரச் சூழலியல் ஆவணப்படங்களில் உழைப்பவர் எங்கே?

மன்னார் வளைகுடாவைப் பற்றி ஒரு சூழலியல் படம் என்றதும் பவளப்பாறையும் கடற்பசுவும் கடற்புல்லும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பதிவு செய்ய வேண்டிய தேவை உண்மையானதே. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். வேம்பாருக்கு எதிரே உள்ள உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன. முத்துக்குப் பெயர்பெற்ற இக்கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

ஆனால் கேமராவைக் கடலிலிருந்து கரைப்பக்கம் திருப்பினால் வேறொரு காட்சி தெரியும். வெயிலில் கண் கூசும் உப்பளப் பாத்திகளில் கால் புண்ணோடு உப்பு வாரும் பெண்கள், மழைக்காலத்தில் வேலையின்றி முடங்கும் குடும்பங்கள், நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் காலனித் தெருக்கள். இவர்களில் கணிசமானோர் நிலமற்ற தலித்துகள். சூழல் சீர்கேட்டை முதலில் தாங்குவது இவர்களின் உடல். சூழலியல் படங்களில் இவர்கள் பெரும்பாலும் பின்னணி உருவங்களாகவே வந்து போகிறார்கள். ஆவணப்படம் யாரைச் சாட்சியாக்குகிறது? அந்தச் சாட்சியம் சட்டத்தின் முன் நிற்குமா? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

முதல் கேள்விக்குத் தமிழகத்தில் முன்மாதிரிகள் உண்டு. மதுரையைச் சேர்ந்த அமுதன் ஆர்.பி. 2003இல் எடுத்த 'பீ', தெருவில் மலத்தை அள்ளும் ஒரு தலித் பெண் துப்புரவுத் தொழிலாளியின் வேலையை அருகிலிருந்து பின்தொடர்ந்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) மலக்குழி மரணங்களையும் அவற்றின் பின்னுள்ள சாதியையும் பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தது. துப்புரவை 'சுகாதாரப் பிரச்சினை' என்று மட்டும் பேசிய சமூகத்திடம், அந்த அழுக்கு யார் கையில் ஒப்படைக்கப்படுகிறது என்று இப்படங்கள் கேட்டன. உப்பளம், சாயக்கழிவு, குப்பைக்கிடங்கு என எதைப் படமெடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இரண்டாவது கேள்வி சட்டம் சார்ந்தது. 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முழுவதையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிரதி, அனுமதி வழங்கும் அமைப்புக்கு அனுப்பப்பட வேண்டும். அதாவது, அரசே ஓர் ஆவணப்படத்தை எடுத்தாக வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். அதே கூட்டத்தை நம் தரப்பும் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் பதிவு செய்தால், யாருக்குப் பேச வாய்ப்பளிக்கப்பட்டது, யாருடைய எதிர்ப்பு குறிப்பேட்டில் விடுபட்டது என்பதை ஒப்பிட்டுக் காட்ட முடியும்.

குடிநீர் தொடர்பான பதிவுகளுக்கு இன்னொரு சட்டமும் துணை நிற்கிறது. பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை அல்லது நீராதாரத்தை மாசுபடுத்துவது, 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவின்படி குற்றம். சூழல் குற்றமும் சாதிக் குற்றமும் ஒன்றாகும் இடம் இது. எனவே நீரைக் காட்டும்போது, அதைப் பயன்படுத்துவோர் யார், மாற்று நீர் உள்ளதா, புகார் எப்போது கொடுக்கப்பட்டது என்பவையும் பதிவில் இடம்பெற வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் நமக்கு ஓர் எச்சரிக்கை. 2022 டிசம்பரில் அங்குத் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே தலித் சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. கைப்பேசிப் பதிவுகளும் அதில் ஆதாரமாக முன்வைக்கப்பட்டன. அம்மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர் கையிலுள்ள கேமரா அவருக்கு எதிராகவே வாசிக்கப்படலாம் என்பதை நாம் மறக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் எடுத்தவர், நாள், நேரம், இடம், எடுத்த காரணம் ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பதே இதற்கு முதல் பாதுகாப்பு.

நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது பின்னணி இசை சேர்த்துத் தொகுத்த படமன்று, வெட்டப்படாத மூலக்கோப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் இணைக்கக் கோருகிறது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் குறிப்பிடப்பட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் விரல்ரேகை போன்றது. கோப்பில் ஒரு நொடி வெட்டப்பட்டாலும் அது மாறிவிடும். வாட்ஸ்அப்பில் கைமாறிய பிரதி மூலக்கோப்புக்கு ஈடாகாது. ஆகவே எடுத்த கருவியையும் நினைவட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளால் கட்டுப்பட்டதன்று. ஆனால் அங்குக் காலக்கெடு கடுமையானது. 14ஆம் பிரிவின்கீழ் வரும் மனுவை, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். இழப்பீடு கோரும் 15ஆம் பிரிவுக்கு ஐந்தாண்டுகள் உண்டு. படத்தொகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் வழக்கின் காலம் கடந்துவிடும்.

அனுமதிகளையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் வரும் தீவுகளில் நுழைந்து படமெடுக்க, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வனத்துறை அனுமதி தேவை. அதைத் தவறவிட்டால், மாசுபடுத்தியவர் மீது வர வேண்டிய வழக்கு படமெடுத்தவர் மீது வரும். திரையிடலிலும் தடைகள் உண்டு. 'கக்கூஸ்' படத்தைத் திரையிடப் பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. 2017 ஜூலையில் திவ்யபாரதி 2009ஆம் ஆண்டுப் போராட்ட வழக்கொன்றில் கைது செய்யப்பட்டார். ஒக்கிப் புயலைப் பற்றிய 'ஒருத்தரும் வரேல' படத்தை எடுத்தபோதும் அவர் மீது வழக்குப் பதியப்பட்டது.

இத்தகைய சூழலில் நமக்குத் துணையாவது, 1989இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய எஸ். ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு. போராட்ட மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, பாதுகாப்பளிப்பது அரசின் கடமை என்றது அத்தீர்ப்பு. அவ்வழக்குக்குக் காரணமான 'ஒரே ஒரு கிராமத்திலே' சாதிவாரி இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். அதன் கருத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அத்தீர்ப்பின் கோட்பாடு நமக்கும் உரியது.

இறுதியாக, பேசுபவரின் பாதுகாப்பு. முகத்தைக் காட்டிப் பேசும் உப்பளத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை மறுக்கப்படலாம். படக்குழு ஊருக்குத் திரும்பிவிடும், அவர் அந்த அளத்திற்குத்தான் போயாக வேண்டும். எனவே சம்மதம் என்பது ஒருமுறை வாங்கும் கையெழுத்தன்று. முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றால் அதற்கு இசைய வேண்டும். தொகுத்த படத்தை வெளியிடுவதற்கு முன் அத்தெருவிலேயே திரையிட்டு, நீக்கச் சொல்வதை நீக்க வேண்டும். மூலக்கோப்பின் ஒரு பிரதி அம்மக்கள் அமைப்பிடமே இருக்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் கையில் இன்று கேமரா இல்லாத கைப்பேசி இல்லை. வேம்பாரிலோ தருவைகுளத்திலோ படமெடுக்கப் புறப்படும் குழுவில் ஒரு வழக்கறிஞரும், அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவரும் முதல் நாளிலிருந்தே இடம்பெறட்டும். அப்போது அந்தப் படம் விழாவில் பெறும் கைதட்டலோடு நின்றுவிடாது. உப்பளத்தில் நிற்கும் பெண்ணின் சொல், பசுமைத் தீர்ப்பாயத்தின் கோப்பில் அவர் தரப்பாகவே பதிவாகும்.